எந்த வேலை ஒத்துவரும்? சுபாவத்தையும் விழுமியத்தையும் வைத்து வேலை தேடும் முறை

"எனக்கு வரைவது பிடிக்கும்" என்பது ஆர்வம். "நாள் முழுக்கப் புது ஆட்களோடு பேசினால் சோர்ந்துவிடுகிறேன்" என்பது சுபாவம். "ராத்திரி எட்டு மணிக்குமேல் ஆபீஸ் போன் வரக் கூடாது" என்பது விழுமியம். வேலையைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எனக்கு ஏற்ற வேலை" என்று சொல்லிவிடுகிறோம். மூட்டையை அவிழ்த்தால்தான் தேடல் நேராகும். எந்தத் துறை என்பதை ஆர்வம் சொல்லும். அந்தத் துறைக்குள் எப்படிப்பட்ட நாள் வேண்டும் என்பதைச் சுபாவம் சொல்லும். யாரிடம், என்ன நிபந்தனைக்கு உட்பட்டு வேலை பார்ப்பது என்பதை விழுமியம் சொல்லும்.

இதைப் பிரித்துப் பார்க்காததால் வரும் நஷ்டம் பெரிது. மேனேஜர் சரியில்லை என்பதற்காகத் தொழிலையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பெனியை மாற்றியிருந்தாலே போதும். கணக்கு வேலை பிடிக்காத ஒருவர் அதே வேலைக்கு நான்காவது கம்பெனி தேடிக்கொண்டிருப்பார். அவருக்குத் துறைதான் தப்பு. இப்போது ஒரு வேலையில் இருந்துகொண்டு அதிருப்தியில் இருப்பவர் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதே வேலையை நல்ல இடத்தில், நல்ல மனிதர்களோடு, நல்ல சம்பளத்துக்குச் செய்யச் சொன்னால் செய்வேனா? "செய்வேன்" என்றால் சிக்கல் விழுமியத்தில். "துறை சரி, ஆனால் தினமும் இதைச் செய்ய முடியாது" என்றால் சுபாவத்தில். பொறுப்பை மாற்றினால் சரியாகும். "எங்கே கொடுத்தாலும் வேண்டாம்" என்றால் ஆர்வத்தில்.

முதலில் ஆதாரம், பிறகுதான் டெஸ்ட்

ஆன்லைனில் ஒரு பரீட்சை எழுதிவிட்டு அது சொல்லும் தொழில் பட்டியலைப் பிடித்துக்கொள்வது சுலபம். ஆனால் அந்தப் பரீட்சைக்கு நீங்கள் கொடுக்கும் பதில்கள், உங்களைப் பற்றி ஏற்கனவே வைத்திருக்கும் எண்ணத்திலிருந்து வருகின்றன. அந்த எண்ணம் பழையதாகவோ யாரோ சொன்னதாகவோ இருக்கலாம். அதனால் 14 நாள் குறிப்பு எழுதிவிட்டு டெஸ்டுக்குப் போங்கள்.

ஒரு நோட்டு போதும். காலை வேலை முடிந்ததும், மதியத்துக்குப் பின், நாள் முடிவில் என்று மூன்று முறை இரண்டு வரி. செய்த காரியத்தை வினைச்சொல்லோடு எழுதுங்கள்: "மூன்று சப்ளையர் விலைகளை ஒப்பிட்டேன்", "கோபமாக இருந்த வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினேன்". பக்கத்தில் −2 முதல் +2 வரை ஒரு எண். கூடவே ஒரு சொல்: அந்த எண்ணுக்குக் காரணம் காரியமா, ஆட்களா, சூழ்நிலையா? இந்த ஒரு சொல்தான் பின்னால் பெரிய உதவி. 14 நாள் கழித்துப் பார்த்தால், மைனஸ் எல்லாம் "சூழ்நிலை" என்றே விழுந்திருப்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும்.

இதில் வழக்கமாக நேரும் தவறுகள் மூன்று. "நல்ல நாள்", "மோசமான நாள்" என்று மனநிலையை எழுதுவது. அதிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. ஆண்டுக் கணக்கு முடிப்பு மாதிரி அசாதாரணமான வாரங்களில் எழுதுவது. மூன்றாவதுதான் ஆழமானது: கைவந்த காரியத்தையும் பிடித்த காரியத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது. பத்து வருடம் செய்து தேர்ந்துவிட்ட வேலை சுலபமாக முடியும். சுலபமாக முடிவதால் பிடித்திருக்கிறது என்று தோன்றும். அப்படிப்பட்ட வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, "இதை இனிமேல் செய்யவே வேண்டாம் என்றால் வருத்தமா, நிம்மதியா?" என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் வேலைக்குப் போகாதவர்களுக்கு 14 நாள் குறிப்பு அவ்வளவு பயன் தராது. அவர்கள் கடந்த இரண்டு, மூன்று வருடத்திலிருந்து 12 சம்பவங்களை எழுதலாம். கல்லூரி புராஜெக்ட், விழா ஏற்பாடு, வீட்டில் ஒரு பெரிய காரியத்தை எடுத்துச் செய்தது, எதுவானாலும் சரி. அதில் உங்கள் கை தானாக எந்தப் பகுதிக்குப் போனது? யாரும் சொல்லாமலே பட்டியல் போட்டீர்களா, ஆட்களைச் சேர்த்தீர்களா, பழுதான மைக்கைப் பிரித்தீர்களா?

ஆர்வம்: ஆறு திசைகள்

அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த வகைப்பாடு இன்றும் தொழில் ஆலோசகர்களின் கையில் இருக்கிறது. ஆறு திசைகள்: கருவி, இயந்திரம், மண், உடல் உழைப்பு சார்ந்த கைவினை; ஏன், எப்படி என்று துருவும் ஆய்வு; புதிதாக ஒன்றை உருவாக்கும் படைப்பு; கற்றுக்கொடுத்து, கவனித்து, உதவும் சமூகம்; ஆட்களை இணங்கவைத்து ஒரு காரியத்தை நடத்திக்காட்டும் முனைவு; எண்கள், பதிவேடுகள், விதிமுறைகளைச் சீராக வைத்திருக்கும் ஒழுங்கு.

இவற்றை இதே வரிசையில் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவை எளிதில் சேரும். எதிரெதிரே நிற்பவை (கைவினைக்குச் சமூகம், ஆய்வுக்கு முனைவு, படைப்புக்கு ஒழுங்கு) ஒரே வேலையில் சேர்வது அரிது. உங்கள் முதல் இரண்டு ஆர்வங்கள் எதிரெதிரே இருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை; பொருந்தும் வேலைகளின் எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். கைவினையும் சமூகமும் சேர்ந்தவருக்குப் பிசியோதெரபியும் தொழிற்பயிற்சி ஆசிரியர் வேலையும் உண்டு. ஆய்வும் முனைவும் சேர்ந்தவர் சிக்கலான கருவிகளை விற்கும் தொழில்நுட்ப விற்பனைக்குப் போகலாம். படைப்பும் ஒழுங்கும் சேர்ந்தவர் பதிப்பகத்தில் தயாரிப்புப் பொறுப்பைப் பார்க்கலாம். அப்படியும் அமையாவிட்டால் ஒன்றைத் தொழிலாகவும் மற்றதை வேலைக்கு வெளியேயும் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்தான்.

அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தளத்தில் இதை அளக்கும் 60 கேள்விகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதில் சொல்லும்போது சம்பளம், படிப்பு, "என்னால் முடியுமா" எதையும் யோசிக்கக் கூடாது. அந்தக் காரியம் பிடிக்குமா என்பது மட்டுமே கேள்வி. முடிவைப் பார்க்கும்போது, அதிகம் வந்ததற்கும் குறைவாக வந்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்று கவனியுங்கள். ஆறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் அனுபவம் போதாததன் அடையாளம். அந்த நிலையில் தொழிலைத் தேர்ந்தெடுக்காமல், இரண்டு மூன்று திசைகளில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்து பார்ப்பதே வழி.

சுபாவம்: என்ன மாதிரி நாள்?

ஆராய்ச்சியில் அதிகம் நிலைத்து நிற்பது ஐந்து கூறுகள் கொண்ட அளவுகோல். உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பர்க், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று தொகுத்த கேள்வித் தொகுப்பிலிருந்து எடுத்த 50 கேள்விப் பரீட்சை இணையத்தில் இலவசமாக உண்டு. கடந்த ஒரு வருடத்தில் பெரும்பாலும் எப்படி இருந்தீர்கள் என்பதை வைத்துப் பதில் சொல்லுங்கள். எப்படி இருக்க ஆசை என்பதை வைத்து வேண்டாம். உங்களை அறிந்த இருவரையும், முடிந்தால் ஒருவர் வீட்டிலிருந்தும் ஒருவர் வேலையிடத்திலிருந்தும், உங்களைப் பற்றி அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். மூன்று விடைத்தாள்களும் எங்கே முரண்படுகின்றன என்பதுதான் மதிப்பெண்ணைவிடச் சுவாரசியமான தகவல்.

பதினாறு வகையாகப் பிரித்து நான்கு எழுத்துப் பட்டம் கொடுக்கும் பரீட்சைதான் பிரபலம். ஆட்களோடு பேச ஒரு தொடக்கமாக அது நன்றாக இருக்கலாம். ஆனால் அது நடுக்கோட்டில் கத்தி வைத்து ஆட்களை இரண்டாகப் பிரிக்கிறது. மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடும். அதை நம்பித் தொழிலை முடிவு செய்ய வேண்டாம்.

இனி ஐந்து கூறுகளும் ஒரு வேலைநாளில் எங்கே தட்டுப்படும் என்று பார்ப்போம்.

கலகலப்பு. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அறிமுகமில்லாதவர்களோடு பேச வேண்டியிருக்கும் என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. "கூச்ச சுபாவம் உள்ளவர் விற்பனைக்கு ஆகமாட்டார்" என்பது அரைகுறை உண்மை. ஆடம் கிராண்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி விற்பனையாளர்களில் அதிக வருமானம் ஈட்டியவர்கள் மிகக் கலகலப்பானவர்களும் அல்ல, மிக அமைதியானவர்களும் அல்ல; நடுவில் இருந்தவர்கள்.

புதுமை நாட்டம். வேலை எவ்வளவு சீக்கிரம் உருமாறுகிறது என்பதோடு தொடர்புடையது. இது அதிகம் உள்ளவரை எழுதிவைத்த நடைமுறையை மட்டும் பின்பற்றும் இடத்தில் போட்டால் ஆறு மாதத்தில் சலித்துப்போவார். குறைவாக உள்ளவரை வாரத்துக்கு ஒரு திசை மாறும் புதுக் கம்பெனியில் போட்டால் தூக்கம் கெடும். இரண்டாவது ஆளைச் சோம்பேறி என்று எண்ணிவிடுகிறார்கள்; அவர் விமானப் பராமரிப்பிலோ மருந்துத் தரக் கட்டுப்பாட்டிலோ பொன்னான ஆள்.

பொறுப்புணர்வு. மர்ரே பாரிக், மைக்கேல் மவுன்ட் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எல்லாத் தொழில் பிரிவுகளிலும் செயல்திறனோடு தொடர்ந்து தொடர்பு காட்டிய கூறு இது. தனக்கு இது குறைவு என்று தெரிந்தவர் செய்ய வேண்டியது, கெடு தேதி, தினசரிக் கூட்டம், கண்ணெதிரே காத்திருக்கும் வாடிக்கையாளர் என்று வெளியிலிருந்து கட்டமைப்பு கிடைக்கும் வேலையைத் தேடுவது. வீட்டிலிருந்து தனியாக, மேற்பார்வை இல்லாமல் செய்யும் வேலை இவர்களுக்குச் சொர்க்கம் போலத் தெரியும். மூன்றாவது மாதத்தில் தேங்கி நிற்பார்கள்.

இணக்கம். "முடியாது" என்று சொல்வது, பேரம் பேசுவது, வேண்டாத செய்தியைச் சொல்வது ஒரு வேலையில் எவ்வளவு இருக்கிறது? கடன் வசூல், கொள்முதல், தணிக்கை போன்றவற்றில் இது தினசரி. மிகுந்த இணக்கம் உள்ளவரால் இவற்றைச் செய்ய முடியாது என்றில்லை; சாயங்காலம் ஆகும்போது மனத்தெம்பு கூலியைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

கடைசியாக மன நிதானம். அவசரங்கள், நிச்சயமில்லாத வருமானம், அடிக்கடி வரும் விமர்சனம் இவற்றைத் தாங்கும் அளவு. கமிஷன் மட்டுமே சம்பளமான வேலைக்குப் போகுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

விழுமியம்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரெனே டேவிஸ், லாயிட் லாஃப்குவிஸ்ட் இருவரும் 1960களில் உருவாக்கிய கோட்பாடு ஒரு வேலையை இருபக்கக் கணக்காகப் பார்க்கிறது. வேலை கேட்பதை ஆள் கொடுக்க வேண்டும்; ஆள் கேட்பதை வேலை கொடுக்க வேண்டும். முதல் பக்கம் குறைந்தால் முதலாளி அனுப்பிவிடுவார். இரண்டாம் பக்கம் குறைந்தால் ஆளே போய்விடுவார். ரெஸ்யூமே எழுதும்போது எல்லோரும் முதல் பக்கத்தை மட்டும் நிரப்புகிறோம். இரண்டாம் பக்கத்தில் வருபவற்றை ஓ-நெட் ஆறாகத் தொகுக்கிறது: சாதனை, சுதந்திரம், அங்கீகாரம், உறவுகள், நிர்வாகத்தின் ஆதரவு, வேலை நிலைமைகள்.

இந்த ஆறையும் அப்படியே எடுத்து வரிசைப்படுத்தினால் எந்தப் பயனும் வராது. "சுதந்திரம்" என்று நான்கு பேர் எழுதியிருப்பார்கள். ஒருவருக்கு அது எத்தனை மணிக்கு வருவது என்பதைத் தானே முடிவு செய்வது. இன்னொருவருக்கு எந்த முறையில் செய்வது என்பது. மூன்றாமவருக்கு எந்த வேலையை எடுப்பது என்பது. நான்காமவருக்குச் சின்னச் செலவுக்கெல்லாம் கையெழுத்து வாங்காமல் இருப்பது. நான்கும் நான்கு வேறு வேலைகளில் கிடைப்பவை. அதனால் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வாக்கியமாக மாற்றுங்கள். "இது இருந்தால் செவ்வாய்க்கிழமை மதியம் என்ன வித்தியாசம் தெரியும்?" என்று கேட்டால் வாக்கியம் வந்துவிடும்.

இப்படிப் பத்து வாக்கியங்களைப் பத்துச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டிரண்டாக வைத்து, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பத்துச் சீட்டுக்கு 45 ஜோடி. அரை மணி நேரம் ஆகும். சமம் என்று சொல்ல அனுமதி இல்லை. ஒவ்வொரு சீட்டும் எத்தனை முறை ஜெயித்தது என்று எண்ணினால் வரிசை வந்துவிடும். நேராக ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போடுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இருக்க விடாது. சில சமயம் முதல் சீட்டு இரண்டாவதை ஜெயிக்கும், இரண்டாவது மூன்றாவதை ஜெயிக்கும், மூன்றாவது முதலாவதை ஜெயித்துவிடும். இப்படி வட்டமடித்தால் அந்த மூன்றில் ஒரு சீட்டு இரண்டு அர்த்தங்களைச் சுமக்கிறது என்று பொருள். அதைக் கிழித்து இரண்டாக எழுதுங்கள்.

வரிசை வந்ததும் அதை மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள்.

ஒன்று, கடந்த காலம். நீங்கள் எடுத்த கடைசி மூன்று பெரிய முடிவுகளில் எதைக் கொடுத்து எதை வாங்கினீர்கள்? "கற்றுக்கொள்வதுதான் முதல்" என்று எழுதியவர், மூன்று முறையும் புது வேலையை மறுத்து வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தால், சீட்டைவிடக் கால்கள் சொல்வதையே நம்ப வேண்டும். இரண்டு, விலை. மேலே உள்ள ஒவ்வொன்றுக்கும் சம்பளத்தில் எத்தனை சதவீதம் விட்டுக்கொடுக்கத் தயார்? ஐந்து சதவீதம்கூட விடமாட்டோம் என்றால் அது விருப்பம், விழுமியம் அல்ல. மூன்று, யாருடையது. உங்கள் வேலை என்ன என்று வாழ்நாளில் யாருமே கேட்கப்போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்தச் சீட்டு கீழே இறங்குகிறது? அது பெரும்பாலும் உறவினர்களுக்காக வைத்திருந்த சீட்டு. அதையும் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. யாருக்காக என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை இந்தப் பத்துச் சீட்டுக்குள் சேர்க்காமல் தனியாகப் பாருங்கள். மாதச் செலவு, கடன் தவணை, நம்மை நம்பியிருப்பவர்களுக்கு அனுப்புவது, அவசரத்துக்கு ஒதுக்குவது இவற்றைக் கூட்டினால் ஒரு தரைக்கோடு வரும். கோட்டுக்குக் கீழே இருக்கும் வேலையை மற்றதெல்லாம் பொருந்தினாலும் எடுக்க முடியாது. கோட்டுக்கு மேலே வரும் பணம்தான் மற்ற விழுமியங்களோடு போட்டியிட வேண்டியது. இந்த இரண்டையும் கலப்பவர்கள்தான் "எனக்குப் பணம் முக்கியமில்லை" என்று சொல்லிவிட்டு எட்டாவது மாதம் வேலை மாறுகிறார்கள்.

முடிவில் இரண்டு அல்லது மூன்று மட்டும் "விட முடியாதவை". அடுத்த நான்கு "பேரம் பேசலாம்". மீதி போகட்டும். விட முடியாதவை ஐந்து, ஆறு என்று போனால் உலகத்தில் எந்த வேலையும் தேறாது.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த எட்கர் ஷைன் இதே விஷயத்தை "தொழில் நங்கூரம்" என்றார்: கட்டாயப்படுத்தி ஒன்றை விடச் சொன்னால் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்வது. சில வருடம் வேலை பார்த்த பிறகே அது தெளிவாகும் என்பதும் அவருடைய கருத்து. முதல் வேலை தேடுபவருக்குச் சீட்டுகள் தடுமாறினால் கவலைப்பட ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கும் இது ஒருமுறை செய்து பூட்டிவைக்கும் வேலை அல்ல; குழந்தை, நோய், கடன் தீர்வது என வாழ்க்கை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் சீட்டுகளை மறுபடி கலைத்துப் போட வேண்டும்.

சீட்டிலிருந்து கேள்விக்கு

நேர்காணலில் "இங்கே வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நன்றாக இருக்கும்" என்பதுதான் பதில். கருத்தைக் கேட்டால் விளம்பரம்தான் வரும். நடந்ததைக் கேளுங்கள். நேரம் முக்கியம் என்றால்: "போன மாதம் இந்த டீமில் மாலை ஏழு மணிக்குமேல் இருக்க வேண்டி வந்தது எத்தனை நாள்? கடைசியாக எதற்காக?" கற்றல் முக்கியம் என்றால்: "இரண்டு வருடம் முன்பு இந்தப் பொறுப்பில் சேர்ந்தவர் இப்போது என்ன செய்கிறார்?" சுதந்திரம் என்றால்: "நான் ஒரு கருவி வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், யார் யாரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்?" நிர்வாகத்தின் ஆதரவு என்றால்: "டீமில் கடைசியாக ஒரு பெரிய தவறு நடந்தபோது என்ன செய்தீர்கள்?" இந்தக் கடைசிக் கேள்விக்கு "இங்கே தவறே நடக்காது" என்று பதில் வந்தால், தேவையான பதில் கிடைத்துவிட்டது.

அதே கேள்வியை இரண்டு பேரிடம், மேனேஜரிடமும் அந்த டீமில் இருக்கும் ஒருவரிடமும், தனித்தனியாகக் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போகாத இடத்தை நோட்டில் குறித்துவையுங்கள். இந்த இடம் ஏன் காலியானது, முன்பு இருந்தவர் எங்கே போனார் என்பதையும் கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

விளம்பரத்திலேயே பாதி தெரிந்துவிடும். பெயரடைகளை அடித்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் படியுங்கள்: ஒருங்கிணைக்க, தயாரிக்க, அறிக்கை அளிக்க, சமாளிக்க. உங்கள் 14 நாள் குறிப்பில் இதே வினைகளுக்கு என்ன எண் போட்டிருந்தீர்கள் என்று பாருங்கள். ஒரே பதவி சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப விளம்பரமாகிறது என்றால் அந்த நாற்காலி யாரையும் உட்காரவிடுவதில்லை என்று சந்தேகிக்கலாம். கம்பெனி வளர்வதாலும் அப்படி வரலாம் என்பதால் கேட்டுத் தெளிவது நல்லது.

விண்ணப்பிக்கும் முன்பே அந்த வேலையில் இருக்கும் நான்கைந்து பேரோடு தலா 20 நிமிடம் பேசிவிட்டால் இன்னும் நல்லது. "நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்பதுதான் மிகச் சிறந்த கேள்வி. "இந்த வேலையில் எப்படிப்பட்டவர்கள் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள்?" என்பது அடுத்தது.

தேடும் விதத்திலும் சுபாவம் குறுக்கே வரும்

எந்த வேலை என்பதில் மட்டுமல்ல, எப்படித் தேடுகிறோம் என்பதிலும் நம் குணம் கை வைக்கும். ரூத் கான்ஃபரும் சக ஆய்வாளர்களும் 2001இல் தொகுத்த ஆய்வில், கலகலப்பும் பொறுப்புணர்வும் உள்ளவர்கள் வேலை தேடுவதில் அதிக முயற்சி காட்டினார்கள். மற்றவர்கள் அந்தக் குறையை வேறு விதத்தில் ஈடுகட்ட வேண்டும்.

அமைதியானவர்கள் இணையத்தில் விண்ணப்பம் போடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்து வருவது அதிகம் என்று மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே விளக்கினார். 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனையும், ஓரளவு தளர்ந்த தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவின என்று காட்டியது. காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இதற்காகக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஐந்து பேருக்கு, பழைய சக ஊழியர், கல்லூரி சீனியர் போன்றவர்களுக்கு, ஆறேழு வரியில் குறிப்பான ஒரு கேள்வியோடு எழுதினால் போதும். எழுத்து அமைதியானவர்களின் பலம்.

கலகலப்பானவர்களின் சிக்கல் நேர்மாறு. நிறையப் பேசுவார்கள்; யாரிடம் என்ன சொன்னோம், எப்போது திரும்பக் கூப்பிட வேண்டும் என்பது நினைவில் இருக்காது. ஒரு எக்செல் பக்கம் வையுங்கள்: கம்பெனி, ஆள், தேதி, அடுத்த படி, அதற்கான தேதி. "அடுத்த படி" காலியாக இருக்கும் எந்த வரியும் செத்த வரி.

மிகுந்த பொறுப்புணர்வு உள்ளவர்கள் ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று நாள் மெருகு போடுவார்கள். கேட்ட தகுதி எல்லாம் இருந்தால்தான் விண்ணப்பிப்பார்கள். விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ஆசைப் பட்டியல். சட்டம் கட்டாயமாக்கிய தகுதி, உரிமம் போன்றவை தவிர்த்து, மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அனுப்பிவிடுங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் வேண்டாம்.

நிராகரிப்பு அதிகம் பாதிக்கும் சுபாவம் என்றால், இலக்கை உங்கள் கையில் இருப்பதில் வையுங்கள். "இந்த மாதம் வேலை கிடைக்க வேண்டும்" என்பது உங்கள் கையில் இல்லை. "இந்த வாரம் ஆறு விண்ணப்பம், மூன்று உரையாடல்" என்பது இருக்கிறது. நிராகரிப்புக் கடிதம் வந்த நாளில் துறையை மாற்றும் முடிவு எதையும் எடுக்காதீர்கள். இரண்டு நாள் போகட்டும்.

இன்னொரு ரகம் உண்டு: இருப்பதிலேயே சிறந்ததைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். ஷீனா ஐயங்கார் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ரகப் பட்டதாரிகளுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகத் தொடக்கச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. இந்த ரகத்தினர் தேடத் தொடங்கும் முன்பே "இவ்வளவு இருந்தால் போதும்" என்று எழுதித் தேதி போட்டு வைப்பது நல்லது.

இணக்கமானவர்கள் முதல் ஆஃபரையே நன்றியோடு வாங்கிக்கொள்வார்கள். சம்பளப் பேச்சை முடிந்தவரை மின்னஞ்சலில் நடத்துங்கள். தொலைபேசியில் கேட்டால் சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நன்றி, விவரங்களைப் பார்த்துவிட்டு நாளை மறுநாள் பதில் சொல்கிறேன்."

நிறுவனங்கள் வைக்கும் சுபாவப் பரீட்சையில் அவர்கள் எதிர்பார்ப்பதை ஊகித்து எழுதலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஊகம் பலித்தால், அந்த ஊகத்துக்குத் தகுந்த நாற்காலியில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார வேண்டியது நீங்கள்தான்.

இரண்டு ஆஃபர் கையில் இருந்தால்

முதலில் விட முடியாதவை: இருக்கிறதா, இல்லையா. இல்லாத ஆஃபர் அங்கேயே விழுந்துவிடும். மதிப்பெண் போட வேண்டாம். மிஞ்சியதற்கு, "பேரம் பேசலாம்" பட்டியலில் உள்ளவற்றுக்கு மொத்தம் 100 வரும்படி எடை கொடுங்கள். ஒவ்வொரு ஆஃபருக்கும் 0 முதல் 5 வரை போட்டுப் பெருக்குங்கள்.

உதாரணத்துக்கு, கற்றல் 35, மேனேஜர் 25, நேரம் 20, தரைக்கோட்டுக்கு மேல் வரும் பணம் 20. முதல் ஆஃபருக்கு 4, 3, 2, 4 என்றால் 140 + 75 + 40 + 80 = 335. இரண்டாவதற்கு 3, 4, 4, 3 என்றால் 105 + 100 + 80 + 60 = 345. 500க்கு 10 வித்தியாசம் என்பது வித்தியாசமே அல்ல. 25க்குள் இருந்தால் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சமமானால், எந்த மதிப்பெண்ணை நேரில் விசாரித்துப் போட்டீர்கள், எதை ஊகத்தில் போட்டீர்கள் என்று பாருங்கள். ஊகம் அதிகமுள்ள ஆஃபரைப் பற்றி இன்னும் இரண்டு பேரிடம் கேட்ட பிறகு முடிவெடுக்கலாம்.

இதில் எல்லோரும் செய்யும் திருட்டு, விடையைப் பார்த்துவிட்டு எடையை மாற்றுவது. ஆஃபர் வருவதற்கு முன்பே எடைகளை எழுதித் தேதி போட்டுவிட்டால் அது நடக்காது. ஆனால் விடையைப் பார்த்ததும் மனசு "அய்யோ" என்றால், அதைப் புறக்கணிக்கவும் வேண்டாம். பட்டியலில் எழுதாமல் விட்ட ஒன்று உள்ளே இருக்கிறது. அதைத் தேடி எழுதிவிட்டு மறுபடி போடுங்கள்.

பொருந்தாத வேலையை எடுக்க வேண்டி வந்தால்

பல நேரம் தரைக்கோடுதான் முடிவெடுக்கும். அப்போது எந்தச் சீட்டு நிறைவேறவில்லை என்பதை மட்டும் தெளிவாக எழுதிவைத்துக்கொண்டு சேருங்கள். எமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் இருவரும் 2001இல் விவரித்தபடி, ஊழியர்கள் தங்கள் வேலையைத் தாங்களே மூன்று பக்கமும் செதுக்கிக்கொள்கிறார்கள்: எந்தக் காரியங்களைக் கூட்டுவது, குறைப்பது, யாரோடு அதிகம் பழகுவது, அந்த வேலையை என்னவாகப் பார்ப்பது. முதல் இரண்டையும் மேனேஜரிடம் கேட்டே வாங்கலாம். "வேறு வேலை கொடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. "வாரத்துக்கு மூன்று மணி நேரம் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை அறிக்கையை முன்னதாகவே முடித்துவிடுகிறேன்" என்று கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.

சேர்ந்த 30, 60, 90ஆம் நாட்களில் அதே பழைய நோட்டை எடுத்து ஒரு வாரக் குறிப்பு எழுதுங்கள். புது இடத்தின் சங்கடமும் பொருந்தாமையும் முதல் மாதத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். வேலை கைவரக் கைவரச் சங்கடம் குறையும். பொருந்தாமை குறையாது, சில சமயம் கூடும். மூன்று முறையும் அதே காரியத்துக்கு −2 விழுந்து, காரணம் "காரியம்" என்றே எழுதியிருந்தால், அடுத்த தேடலுக்கான எக்செல் பக்கத்தை அன்றே திறந்துகொள்ளலாம். காரணம் "ஆட்கள்" என்றோ "சூழ்நிலை" என்றோ இருந்தால், முதலில் அதே கம்பெனிக்குள் வேறு டீம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.